டாலஸ் வட்டாரத்தில் வீடு வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: புல், பழுதுபட்ட கார், தெரு பார்க்கிங், சிட்டி நோட்டீஸ்

டாலஸ், இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பகுதிகளில் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் டெக்சஸ் மாநிலச் சட்டத்தை ஒட்டியவை. நகரங்கள் தத்தம் விதிகளைத் தாமே இயற்றிக்கொள்வதால், ஊருக்கு ஊர் மாறக்கூடிய இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

வாசல் கதவில் சிட்டிக்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அபராதம் போட்டுவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. முதலில் வருவது எச்சரிக்கைதான். வீட்டில் என்ன குறை, அது எந்த விதிக்கு முரணானது, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பவற்றோடு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வழக்கு எண்ணும் அதில் இருக்கும். அந்தத் தேதி கடந்ததும் அதே அலுவலர் மறுபடி வந்து பார்ப்பார். குறை நீங்கியிருந்தால் கோப்பை மூடிவிடுவார். ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

குறை அப்படியே இருந்தால் நகரத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நகர நீதிமன்றத்திற்கு வரச்சொல்லி சைட்டேஷன் கொடுப்பது. மற்றொன்று, தானே ஆளனுப்பி வேலையை முடித்துவிட்டுச் செலவை உங்கள் கணக்கில் எழுதுவது. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்.

நோட்டீஸைப் பார்த்த அன்றே அந்த எண்ணை அழைத்துப் பேசிவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். வேலி சாய்ந்திருக்கிறது, ஆள் கிடைக்க மூன்று வாரமாகும் என்று கெடு முடிவதற்கு முன்பே சொன்னால், பெரும்பாலான அலுவலர்கள் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டு அவகாசம் தருவார்கள். கெடு முடிந்தபின் அதே காரணத்தைச் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

இந்தக் கடிதம் சிட்டியிடமிருந்து வந்ததா, எச்.ஓ.ஏ.விடமிருந்து வந்ததா? எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

இரண்டும் முற்றிலும் வேறு. நகரத்தின் கடிதம் சட்டத்தின்பாற்பட்டது. அதை மீறினால் நீதிமன்றம். இப்பணியைச் செய்யும் துறைக்கு டாலஸில் கோட் கம்ப்ளையன்ஸ் என்றும், பிளேனோவில் நெய்பர்ஹுட் சர்வீசஸ் என்றும், இர்விங்கில் கோட் என்ஃபோர்ஸ்மெண்ட் என்றும் பெயர். எச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கமோ ஒரு தனியார் அமைப்பு. வீட்டைப் பதிவு செய்தபோது நீங்கள் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடுகளை வைத்துத்தான் அது பேசுகிறது. கதவின் வண்ணம், பூச்செடிப் பாத்தியில் மரத்தூள் போடாதது, விழா விளக்குகளை மாதக்கணக்கில் கழற்றாதது ஆகியவையெல்லாம் எச்.ஓ.ஏ.வின் கவலைகள், நகரத்திற்கு அவற்றில் அக்கறையில்லை. மாறாக, புல் உயரத்தைப் பற்றி இருவருமே எழுதலாம். அப்போது ஒருவருக்குப் பதில் சொன்னால் மற்றவருக்கும் சொன்னதாகாது.

எச்.ஓ.ஏ. நினைத்தவுடன் அபராதம் விதித்துவிட முடியாது. மாநிலச் சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயத்தின்படி முதலில் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். திருத்திக்கொள்ளக்கூடிய குறையாக இருந்தால் நியாயமான அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு அஞ்சலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் அதில் சொல்ல வேண்டும். அபராதத் தொகைக்காக மட்டுமே உங்கள் வீட்டை ஏலத்திற்குக் கொண்டுவரவும் அச்சட்டம் இடந்தரவில்லை. ஆண்டுச் சந்தா பாக்கி அப்படியன்று. அதில் அலட்சியம் கூடாது.

ஹியூஸ்டனிலிருந்து மாறிவருபவர்களுக்கு ஒரு சொல்: எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மண்டலப் பகுப்புச் சட்டமே (ஜோனிங்) இல்லாத அந்நகரில், மனைக் கட்டுப்பாடுகளை நிலைநாட்ட நகர வழக்கறிஞரே வழக்குத் தொடுக்கலாம். அந்த நினைப்பில் இங்கே எச்.ஓ.ஏ. தகராறுக்கு நகரத்தை அழைத்தால், அது தங்கள் வேலையன்று என்றே பதில் வரும்.

எங்கள் அஞ்சல் முகவரியில் லிட்டில் எல்ம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த சிட்டியை அழைத்தால் "நீங்கள் எங்கள் எல்லையில் இல்லை" என்கிறார்களே?

அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப்பெயரும் நகர எல்லையும் ஒன்றல்ல. டென்டன் கவுண்டியில் பலோமா கிரீக், சவானா போன்ற பெரிய குடியிருப்புகள் எந்த நகரத்துக்குள்ளும் அடங்காமல் கவுண்டியின் கீழேயே இருக்கின்றன. உங்கள் சொத்துவரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நகரத்தின் பெயரில் ஒரு வரி இருந்தால் நீங்கள் நகர எல்லைக்குள் இருக்கிறீர்கள். கவுண்டி, பள்ளி மாவட்டம், நீர் மாவட்டம் மட்டும் இருந்தால் வெளியே இருக்கிறீர்கள். வெளியே இருப்பவர்களுக்கு நகர விதிகள் பொருந்தா. அங்கே எச்.ஓ.ஏ.வும், ஓரளவு கவுண்டியும், தெருவில் நிற்கும் வண்டிகளுக்கு ஷெரிஃப் அலுவலகமும்தான்.

புல் எவ்வளவு உயரம் வளர்ந்தால் குற்றம்? காய்ந்து பழுப்பாகிக் கிடப்பதற்கும் நோட்டீஸ் வருமா?

டாலஸ் உட்பட இவ்வட்டாரத்தின் பெரும்பாலான நகரங்களில் 12 அங்குலம்தான் வரம்பு. அலுவலர் அளவுகோலைப் புல்லில் ஊன்றி நிழற்படம் எடுத்துக்கொள்வார். அளப்பது முன்புறத் தரையை மட்டும் என்று எண்ண வேண்டாம். நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள புல்பட்டையும், பழைய வீடுகளின் பின்னே ஓடும் சந்தின் ஓரமும், அவை நகரத்தின் நிலம் என்று தோன்றினாலும், பொதுவாக வீட்டுக்காரரின் பொறுப்புதான். பின்வேலிக்கு வெளியே சந்தோரம் முளைக்கும் களையை வீட்டுக்குள்ளிருந்து பார்க்க முடியாது என்பதால், நம்மவர்களுக்கு வரும் முதல் நோட்டீஸ் பல சமயம் அந்த இரண்டடி அகலப் பட்டைக்காகவே வருகிறது. புல் காய்ந்து பழுப்பாவது உயரக் குற்றம் ஆகாது.

களைகள் பற்றிய மாநிலச் சட்டத்தில் (சுகாதாரச் சட்டம், 342ஆம் அத்தியாயம்) இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அறிவிப்புக்குப் பின் 7 நாள்களுக்குள் வெட்டாவிட்டால் நகரமே ஆள்வைத்து வெட்டிக்கொள்ளலாம். அந்த அறிவிப்பிலேயே, ஓராண்டுக்குள் இதே குறை மறுபடி நேர்ந்தால் வேறு அறிவிப்பின்றியே வெட்டிச் செலவை வசூலிப்போம் என்று எழுதவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஏப்ரலில் நோட்டீஸ் வந்து வெட்டியவர், செப்டம்பரில் மறுபடி நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து. புல் 48 அங்குலத்தைத் தாண்டி உடனடி ஆபத்தாக இருந்தால், முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அறிவிக்கவும் சட்டம் இடந்தருகிறது.

ஜூன், ஜூலையில் இரண்டு மாதம் ஊருக்குப் போகிறோம். என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?

இங்குள்ள பெர்முடா புல் வெயிலில்தான் வளரும். தானியங்கித் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் 12 அங்குலத்தை எளிதாகத் தாண்டிவிடும். புல்வெட்டும் ஆளுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை என்று சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போங்கள். பின்சந்தையும் வெட்ட வேண்டும் என்று தனியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெட்ட மாட்டார்கள். அஞ்சலை நண்பர் ஒருவர் எடுத்துப் பார்க்கவும், கதவில் ஏதாவது ஒட்டியிருந்தால் படமெடுத்து அனுப்பவும் ஏற்பாடு செய்யுங்கள். சென்னையிலிருந்தபடி அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே காரியம் நடந்துவிடும். நோட்டீஸ் வந்தது 7 நாளுக்குள் உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சிட்டியே புல்லை வெட்டிவிட்டு பில் அனுப்பியிருக்கிறது. கட்டாமல் விட்டால் என்ன?

கவுண்டிப் பதிவேட்டில் உங்கள் வீட்டின்மீது பற்றுரிமை (லீன், அதாவது அந்தப் பாக்கிக்கு வீட்டையே பிணையாக்கும் பதிவு) எழுதிவிடுவார்கள். நகரம் செலவழித்த நாளிலிருந்து 10 சதவீத வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வெட்டுக் கூலியோடு நிர்வாகக் கட்டணமும் சேர்வதால், நீங்களே ஆள்வைத்து வெட்டியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைப்போலப் பன்மடங்கு பில்லில் இருக்கும். வீட்டை விற்கும்போதோ மறுகடன் வாங்கும்போதோ வீட்டின் உரிமைப் பதிவுகளைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி இதைக் கண்டுபிடித்துவிடும். கணக்கில் தவறிருந்தால், எடுத்துக்காட்டாக வெட்டியது பக்கத்து மனையாக இருந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேளுங்கள்; நகரம் அவற்றை வைத்திருக்கும்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் கலிபோர்னியாவில் இருக்கிறோம். எந்த நோட்டீஸும் வராமலேயே இவ்வளவு நடந்திருக்கிறது. இது செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். உரிமையாளருக்கு நகரம் அனுப்பும் கடிதம் சொத்துவரிக்காக வீடுகளை மதிப்பிடும் அலுவலகமான கவுண்டியின் மதிப்பீட்டு மாவட்டப் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். அங்கே இன்னும் பழைய முகவரி இருந்தால், கடிதம் வாடகைதாரரிடமோ யாருமில்லாத அஞ்சல் பெட்டிக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். நேரில் கொடுக்க முடியாதபோது வாசல் கதவில் ஒட்டுவதையும், குச்சியில் அட்டை கட்டி மனையில் நடுவதையும்கூடச் சட்டம் அறிவிப்பாக ஏற்கிறது. ஆகவே வீடு மாறிய வாரமே மதிப்பீட்டு மாவட்டத்தின் தளத்தில் முகவரியை மாற்றிவிட வேண்டும்.

புல் வெட்டுவது வாடகைதாரர் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது உங்கள் இருவருக்கும் இடையே மட்டும்தான் செல்லும். வாடகைதாரர்மீதும் சைட்டேஷன் போடலாம். ஆனால் பற்றுரிமை வீட்டின்மீது, அதாவது உங்கள்மீதுதான் விழும். டாலஸ் நகரில் தனிவீட்டை வாடகைக்கு விடுபவர்கள் அதை நகரத்திடம் பதிவு செய்யவும் வேண்டும்.

முன்புறத்தில் கத்தரி, வெண்டை போட்டு சுரைக்குப் பந்தலும் கட்டலாமா?

பயிர் செய்து பேணப்படும் செடி களையாகாது. ஆனால் பாத்தியின் இடையே வளரும் புல்லுக்கு மேலே சொன்ன 12 அங்குலக் கணக்கு பொருந்தும். நகரம் கவனிப்பது வேறொன்றை: தெருமுனை வீடுகளில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது. டாலஸில், பொதுவாக, இரு தெருக்கள் கூடும் முனையிலிருந்து இருபுறமும் 45 அடிக்கும், டிரைவ்வேயோ சந்தோ தெருவைத் தொடும் இடத்தில் 20 அடிக்கும் ஒரு முக்கோணம் வகுத்திருக்கிறார்கள். அதற்குள் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் எட்டடிக்குள் பார்வையை மறைக்கும் எதுவும் இருக்கக் கூடாது. ஆளுயரப் பந்தல் சரியாக அந்த உயரத்தில்தான் நிற்கும்.

முன்புறக் காய்கறித் தோட்டத்தை எச்.ஓ.ஏ. தடுக்கலாம், அந்தக் கட்டுப்பாட்டை வீடு வாங்குமுன் படித்துப் பாருங்கள். வறட்சியைத் தாங்கும் செடிகள் வைப்பதை மட்டும் எச்.ஓ.ஏ. அடியோடு தடைசெய்ய முடியாது. திட்டத்தைக் காட்டி ஒப்புதல் பெறச்சொல்லலாம்; காரணமின்றி மறுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் சுரைப் பந்தலுக்குக் கொல்லைப்புறமே நல்ல இடம். அங்கே வேலியின் உள்ளே யாருக்கும் பேச்சில்லை.

வாசலில் கோலம், நிலையில் மாவிலைத் தோரணம், பக்கத்தில் ஒரு பிள்ளையார் சிலை. எச்.ஓ.ஏ. எடுக்கச் சொல்ல முடியுமா?

முடியாது என்பதே பொது விதி. டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 202.018ஆம் பிரிவு, உண்மையான சமய நம்பிக்கையால் ஒருவர் தம் வீட்டில் வைக்கும் பொருள்களை எச்.ஓ.ஏ. தடுக்கக் கூடாது என்கிறது. முதலில் வாசற்கதவுக்கும் நிலைக்கும் மட்டுமிருந்த இந்தப் பாதுகாப்பை 2021இல் மனை முழுவதற்கும் விரிவாக்கினார்கள். பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடானவை, சங்கத்தின் பொது இடத்தில் வைக்கப்பட்டவை, தெரு எல்லையையோ கட்டட எல்லைக் கோட்டையோ மீறியவை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகையால் சிலையை நடைபாதை ஓரத்தில் வைக்காமல் வீட்டை ஒட்டியே வையுங்கள். நகரத்தைப் பொறுத்தவரை, உங்கள் டிரைவ்வேயில் இடும் மாக்கோலம் எந்த விதிக்குள்ளும் வருவதில்லை.

பழைய கேம்ரி ஓடவில்லை. என் சொந்த டிரைவ்வேயில்தானே நிற்கிறது, சிட்டிக்கு என்ன வந்தது?

மாநிலப் போக்குவரத்துச் சட்டத்தின் 683ஆம் அத்தியாயம் அதைப் பொதுத் தொல்லை என்கிறது. அச்சட்டப்படி ஒரு வண்டி "ஜங்க்" ஆவதற்கு இரண்டு கூறுகள் சேர வேண்டும். முதலாவது, எண்பலகை இல்லை அல்லது காலாவதியாகிவிட்டது. இரண்டாவது, வண்டி நொறுங்கியோ பிரிக்கப்பட்டோ கிடக்கிறது, அல்லது தனியார் இடத்தில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் (பொது இடமாயின் 72 மணி நேரத்துக்கு மேல்) ஓட முடியாமல் நிற்கிறது. இதனினும் விரிவான இலக்கணத்தை நகரங்கள் வகுத்துக்கொள்ளலாம் என்பதால், பதிவு நடப்பில் இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்; உங்கள் நகர விதியையும் பாருங்கள். காற்றிறங்கிய டயரோடு, அடியில் சருகு சேர்ந்து நிற்கும் வண்டிதான் தெருவில் போகிற அலுவலரின் கண்ணில் முதலில் படும்.

நோட்டீஸ் வந்தால் 10 நாள் கெடு. அந்த 10 நாள் முடிவதற்குள்ளேயே விசாரணை கேட்டாக வேண்டும். வண்டியை மூடிய கராஜுக்குள், தெருவிலிருந்து தெரியாதபடி நிறுத்திவிட்டால் சட்டம் பொருந்தாது. துணி உறை போடுவது பெரும்பாலான நகரங்களில் போதாது. பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தச் சட்டத்தின் கீழ் எடுத்துச் செல்லப்பட்ட வண்டியை மறுபடி ஓடவைக்கச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே மனத்துக்குப் பிடித்த பழைய வண்டி என்றால் கெடுவுக்குள் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டாவது போய்விடுங்கள்.

டிரைவ்வேயில் நிறுத்தியதற்கே பார்க்கிங் டிக்கெட் கொடுத்திருக்கிறார்களே, எப்படி?

வண்டியின் பின்பகுதி நடைபாதையின்மேல் நீட்டிக்கொண்டிருந்திருக்கும். கராஜ் முழுதும் அட்டைப் பெட்டிகள், டிரைவ்வேயில் இரண்டு கார்கள், மூன்றாவதாக வந்த வேனின் பின்சக்கரம் நடைபாதையில்: இது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவரோ சக்கர நாற்காலியில் வருபவரோ அந்த இடத்தில் தெருவில் இறங்கித்தான் சுற்றிப்போக வேண்டும். நடைபாதையில் நிறுத்துவதை மாநிலச் சட்டமே தடுக்கிறது. அந்த நடைபாதை உங்கள் டிரைவ்வேயைக் கடக்கும் பகுதிக்கும் அதுவே விதி. இடம் போதவில்லை என்று புல்தரையில் ஏற்றி நிறுத்துவதும் பல நகரங்களில் தனிக் குற்றம்.

என் வீட்டு முன்னால் எதிர்வீட்டுக்காரர் தினமும் காரை நிறுத்துகிறார். அந்த இடம் எனக்கு உரியதில்லையா?

பொதுத் தெருவாக இருந்தால் உங்களுக்கு உரியதன்று. பதிவு நடப்பில் உள்ள, ஓடக்கூடிய வண்டியை யாரும் அங்கே நிறுத்தலாம். ஒரே இடத்தில் நகர்த்தாமல் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதற்குமேல் நின்றால் புகார் செய்யலாம். வாயில்கதவு உள்ள குடியிருப்புகளில் தெருவே எச்.ஓ.ஏ.வுக்குச் சொந்தமாக இருக்கும். அங்கே அவர்கள் விதி.

அவர் செய்யக் கூடாதவற்றை மாநிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: டிரைவ்வேயை மறித்து நிறுத்தக் கூடாது, தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி, தெருமுனைக் குறுக்குநடையிலிருந்து 20 அடி, நிறுத்தப் பலகைக்கு முன் 30 அடி விட வேண்டும். வண்டியின் வலப்புறச் சக்கரங்கள் வலப்பக்க ஓரக்கல்லிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியால் எதிர்த்திசையில் முகம்காட்டி நிறுத்துவதே குற்றமாகிவிடுகிறது. எந்தப் பக்கம் இடமிருந்தாலும் நுழைத்து நிறுத்தும் ஊர்ப்பழக்கத்தில் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். தம் சொந்த டிரைவ்வேயைத் தாமே மறித்து நிறுத்துபவருக்கும் அச்சட்டத்தில் விலக்கு எழுதப்படவில்லை.

கொலுவுக்கு முப்பது கார் வரும். அக்கம்பக்கத்தார் புகார் செய்தால் கோட் ஆபீசர் வருவாரா?

வர மாட்டார், காவல்துறை வரக்கூடும். ஓடும் நிலையிலுள்ள வண்டி தவறாக நிற்பது பெரும்பாலும் காவல்துறையின் அவசரமல்லாத எண்ணுக்கோ பார்க்கிங் பிரிவுக்கோ போகும் புகார். நாள்கணக்கில் நகராமல் கிடக்கும் வண்டிதான் கோட் பிரிவுக்குப் போகும். டாலஸில் எதுவானாலும் 311ஐ அழைத்தால் அவர்களே பிரித்து அனுப்புவார்கள். விருந்தினர்களுக்கு அழைப்போடு மேலே சொன்ன அடிக்கணக்கையும் ஒரு வரியில் அனுப்பிவிடுங்கள். தெருவின் இருபுறமும் நிறுத்தித் தீயணைப்பு வண்டி நுழைய முடியாதபடி செய்வதுதான் உண்மையில் ஆபத்தானது. பக்கத்து வீட்டாருக்கு முதல்நாளே சொல்லி, சுண்டலோடு அவர்களையும் அழைத்துவிட்டால் புகார் எழுவது அரிது.

அபார்ட்மெண்டில் இருக்கும் தம்பியின் காரை டோ செய்துவிட்டார்கள். சிட்டியிடம் முறையிடலாமா?

தனியார் இடத்திலிருந்து இழுத்துச் சென்றதை நகரக் கோட் பிரிவு விசாரிக்காது. அதற்கு உரிய இடம் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றம். வண்டி எடுக்கப்பட்டதிலிருந்து, சனி ஞாயிறும் விடுமுறைகளும் நீங்கலாக, 14 நாள்களுக்குள் டோ ஹியரிங் கேட்டு மனுச் செய்ய வேண்டும். முதலில் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். காப்பிடத்தில் நாள்வாடகை ஏறிக்கொண்டிருக்கும். எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பதை அன்றே படமெடுங்கள். தீர்ப்பு சாதகமானால் கட்டிய பணம் திரும்பும்.

நான் புகார் செய்தால் என் பெயர் பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடுமா?

டெக்சஸில் பெயர் சொல்லாமலேயே புகார் செய்யலாம். பெயர் சொல்லியிருந்தாலும், பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் யாராவது கோப்பைக் கேட்டால், தகவல் கொடுத்தவரின் அடையாளத்தை மறைக்க நகரத்திற்கு வழியுண்டு. புளோரிடாவில் நிலைமை வேறு: 2021 ஜூலை முதல் அங்கே பெயரும் முகவரியும் தராத புகாரை, உடனடி ஆபத்து இருந்தாலன்றி, அலுவலர்கள் விசாரிக்கக் கூடாது. அங்குள்ள உறவினர் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் தெருவில் நான்கே வீடுகள் இருந்து, அதில் மூன்று நிறைய மாதங்களாகக் காலியாக இருந்தால், சட்டம் மறைத்தாலும் ஊகம் மறைக்காது. பேசிப்பார்க்கக்கூடிய அண்டை வீட்டாரானால் முதலில் பேசிவிடுவதே என் கட்சி.

பக்கத்துக் காலி வீட்டு நீச்சல் குளம் பச்சையாகக் கிடக்கிறது. யாரும் வருவதாகத் தெரியவில்லையே?

இதை நகரங்கள் மிக விரைந்து கவனிக்கும். கவனிப்பதற்குக் காரணமும் உண்டு. 2012இல் வெஸ்ட் நைல் காய்ச்சல் நாட்டிலேயே மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் டாலஸ் கவுண்டி முன்னணியில் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் விமானத்திலிருந்து கொசுமருந்து தெளித்தார்கள். புகாரில் "குளம் அழுக்காக இருக்கிறது" என்பதைவிட "தேங்கிய நீரில் கொசுப்புழு இருக்கிறது, வீட்டில் யாருமில்லை, வேலிக்கதவு திறந்தே கிடக்கிறது" என்று சொல்லுங்கள். உங்கள் மாடிச் சன்னலிலிருந்து எடுத்த படம் இருந்தால் அதையும் இணையுங்கள்.

அலுவலர் அனுமதியில்லாமல் எங்கள் கொல்லைப்புறத்துக்குள் வரலாமா?

வாசற்கதவு வரை வந்து தட்டலாம். தெருவிலிருந்தும் சந்திலிருந்தும் பார்க்கலாம். பக்கத்து வீட்டார் அனுமதித்தால் அவர்கள் மாடியிலிருந்தும் பார்க்கலாம். பூட்டிய வேலிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ வர உங்கள் இசைவு வேண்டும். நீங்கள் மறுத்தால் நீதிபதியிடம் ஆய்வு வாரண்ட் பெற வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்கு எதிரான கமாரா வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. மறுப்பதே குற்றமாகாது. என்றாலும், காட்டுவதில் தயக்கமில்லாத குறை என்றால் உடன் நின்று காட்டிவிடுவது கோப்பை விரைவில் மூடும்.

எதிர்வீட்டில் இதைவிட மோசம். எங்களுக்கு மட்டும் ஏன் நோட்டீஸ்? நிறம் பார்த்துத்தானே செய்கிறார்கள்?

பெரும்பாலான கோப்புகள் புகாரால் தொடங்குபவை. உங்கள் வீட்டைப் பற்றி யாரோ அழைத்திருக்கிறார்கள், எதிர்வீட்டைப் பற்றி அழைக்கவில்லை என்பதே பொதுவான விளக்கம். எதிர்வீட்டில் இருக்கிறது என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. வேண்டுமானால் அதையும் புகாராகக் கொடுக்கலாம். ஆனால் அது உங்கள் கெடுவை ஒரு நாளும் நீட்டாது.

ஒருவரே மீண்டும் மீண்டும் பொய்ப் புகார் கொடுப்பது வேறு வகை. அலுவலர் நேரில் பார்த்து உறுதிசெய்யாமல் நோட்டீஸ் வராது என்பதால், குறையில்லாத புகார்கள் தாமே மூடப்படும். அப்படி மூடப்பட்ட வழக்கு எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, துறை மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லாவிட்டால் உங்கள் வட்டார நகரமன்ற உறுப்பினரின் அலுவலகம் இருக்கிறது. நிறத்தை வைத்து நடத்தினார்கள் என்று சொல்வதற்கும் இத்தகைய பதிவுகள்தான் சான்றாக நிற்கும்.

சைட்டேஷன் வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? எச்-1பி, கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எதற்காவது இடைஞ்சலா?

நகர நீதிமன்றத்தில் இது அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய கிளாஸ் சி வகைக் குற்றம். சிறைத் தண்டனை கிடையாது. அபராத உச்சவரம்பு பொதுவாக 500 டாலர். பொதுச் சுகாதாரம், மண்டலப் பகுப்பு, தீப்பாதுகாப்பு விதிகளுக்கு 2,000 டாலர் வரை போகலாம். பல நகர விதிகள் குறை நீடிக்கும் ஒவ்வொரு நாளையும் தனிக்குற்றமாகக் கணக்கிடுகின்றன. குறையைச் சரிசெய்து, தேதி தெரியும் படங்களோடும் ரசீதுகளோடும் நீதிமன்றத்தில் குறிப்பிட்ட நாளுக்குள் நகர வழக்கறிஞரைச் சந்தித்தால், தள்ளுபடியோ குறைந்த தொகையோ கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

போகாமல் இருந்துவிடுவதுதான் சிக்கல். அந்த நாளைத் தவறவிட்டால் வாரண்ட் பிறப்பிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பதும் தடைபடலாம். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம், சட்ட அமலாக்க அலுவலர் எவராவது உங்களைக் கைது செய்திருக்கிறாரா, சைட்டேஷன் கொடுத்திருக்கிறாரா என்று கேட்கிறது. புல்லுக்கு வந்த சைட்டேஷனை அங்கே எப்படிக் குறிப்பிடுவது என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் கேட்க வேண்டாம். அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் சான்றிட்ட நகலைத்தான். வழக்கு முடிந்த அன்றே நீதிமன்ற எழுத்தரிடம் அதைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.